மாடியில் கேண்டில் லைட் டின்னர்: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படிச்சிருங்க

கல்யாண நாள், பிறந்தநாள், பெண் பார்த்து நிச்சயம் முடிந்த பிறகு முதல் சந்திப்பு என்று திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் மாடி உணவகங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. இன்ஸ்டாகிராமில் ‘கப்புள் பேக்கேஜ்’ என்று தேடினாலே சரம் விளக்கு, ரோஜா இதழ், வெள்ளைத் திரை என்று வரிசையாக வரும். அதில் பாதிப் படம் அந்தக் கடையில் எடுத்ததே இல்லை.

போன ஆடியில் சங்கரன்கோவில் பக்கத்து இளம் தம்பதிக்கு நடந்ததைப் பாருங்கள். முதல் கல்யாண நாள். பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கடை, பெயர் வேண்டாம். இரண்டு பேருக்கு 2,499 ரூபாய், அலங்காரம் உண்டு என்று விளம்பரம். முன்பணம் 1,000 ஜிபேயில் போனது. கடைசியில் கையில் வந்த சீட்டு இது: பேக்கேஜ் 2,499, தண்ணீர் இரண்டு பாட்டில் 160, இரண்டாம் சுற்று மாக்டெயில் 440, ஸ்டார்ட்டர் 480, டெக்கரேஷன் 750. கூட்டினால் 4,329. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 432.90. அந்தத் தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 18 சதவீதம், 857.14. மொத்தம் 5,619. முன்பணம் போக 4,619 கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். கேட்டதற்கு, “அண்ணாச்சி, பேக்கேஜ்ல இருக்கது டேபிள் டெக்கரேஷன் மட்டும்தான். பின்னாடி திரை, லைட்டு எல்லாம் தனி” என்று பதில்.

இதில் எது நியாயம், எது ஏமாற்று என்று வரிவரியாகப் பார்க்கலாம். எல்லாமே திருட்டு என்று சண்டைக்குப் போனால் நம் பக்கம் இருக்கிற நியாயமும் அடிபட்டுப்போகும்.

தண்ணீருக்கு 80 ரூபாய் வாங்கியது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதை வைத்துப் புகார் நிற்காது. மேஜை போட்டுப் பரிமாறுகிற இடத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கார்ந்ததும் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறக்கப் போவார்கள். திறப்பதற்கு முன்பே “சாதாத் தண்ணி கொண்டாங்க” என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மாக்டெயிலும் ஸ்டார்ட்டரும் இவர்கள் தலையாட்டி வாங்கியவை. விலை கேட்காமல் தலையாட்டியதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

சர்வீஸ் சார்ஜ் கதையே வேறு. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டு நெறி கொண்டுவந்தது. ஹோட்டல்காரர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்றது. ஆகவே “எடுத்துருங்க” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்தால் அவன் கையில் நூறோ இருநூறோ கொடுங்கள். பில்லில் ஏறுகிற பத்து சதவீதம் அவனுக்குப் போகிறது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதுதான் இந்தச் சீட்டில் அப்பட்டமான பொய். தனியாக நடக்கிற உணவகம் ஏசி போட்டிருந்தாலும் மாடியில் இருந்தாலும் வரி 5 சதவீதம்தான்: மத்திய அரசுக்கு (சிஜிஎஸ்டி) 2.5, மாநில அரசுக்கு (எஸ்ஜிஎஸ்டி) 2.5. அறைக்கு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்குகிற பெரிய விடுதிக்குள்ளே இருக்கும் உணவகத்தில்தான் பொதுவாக 18 வரும். சென்னையில் நட்சத்திர ஹோட்டல் மாடிக்குப் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது ஏமாற்று ஆகாது. இந்தக் கடை அப்படி இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், சீட்டின் தலையில் ‘எஸ்டிமேட்’ என்று போட்டிருந்தது. ஜிஎஸ்டி எண்ணே இல்லை. எண் இல்லாமல் வரி வாங்கினால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகவில்லை, கல்லாவுக்குப் போகிறது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும் 15 இலக்க எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில் இருக்கிறது, ‘காம்போசிஷன்’ எனும் சிறு கடைகளுக்கான எளிய வரி வகையா என்பதும் தெரியும். காம்போசிஷன் வகைக் கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. கூடவே 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

டெக்கரேஷன் 750, சர்வீஸ் சார்ஜ், பொய் வரி மூன்றையும் கழித்து, கடைக்கு முறையான எண் இருக்கிறது என்றே வைத்து 5 சதவீதம் போட்டால் 3,757.95 வரும். முன்பணம் போக 2,758. வாங்கியது 4,619. வித்தியாசம் 1,861 ரூபாய்.

வரியும் சர்வீஸ் சார்ஜும் பில்லைப் பார்த்தே பிடிக்கக்கூடியவை. டெக்கரேஷன் மாதிரித் திருட்டு அட்வான்ஸ் அனுப்பும்போதே முடிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் போனில் பேசுவார்கள், எழுத்தில் ஒன்றும் தர மாட்டார்கள். “நேர்ல வாங்க, பாத்துக்கலாம் சார்” என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: “தேதி இது, இரவு 8 மணி, மாடி, 2 பேர். மொத்தம் வரி உட்பட 2,499. அலங்காரம், திரை, விளக்கு, அரைக் கிலோ கேக் எல்லாம் இதில் அடக்கம். சர்வீஸ் சார்ஜ் கிடையாது. மழை, காற்று என்றால் வேறு தேதி அல்லது முழுப் பணமும் வாபஸ். எங்கள் படத்தையோ வீடியோவையோ உங்கள் பக்கத்தில் போடக் கூடாது. சரியா?” அதற்கு ‘ஓகே’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அதுதான் உங்கள் ஒப்பந்தம். பதில் எழுதாமல் போன் அடித்தால், “எழுதி அனுப்பிருங்க, மறந்துரும்” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

படம் போடக் கூடாது என்ற வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கேக் வெட்டும்போது ஊழியர் ஒருவர் வீடியோ எடுப்பார். மறுநாள் அது கடையின் ரீல்ஸில் ஓடும். நெல்லை அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. நிச்சயம் மட்டும் முடிந்த ஜோடி என்றால் மத்தியானத்துக்குள் அத்தை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.

காற்று என்று தனியாக எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று சாயங்காலத்திலும் அடங்காது. காற்றாலை ஓட்டுகிற காற்றில் மெழுகுவத்தி எப்படி நிற்கும்? அந்தத் தம்பதிக்கும் பேட்டரி விளக்குதான் வைத்தார்கள். ரோஜா இதழ் தட்டுக்குள் பறந்து விழுந்தது. சூப் வந்து ரெண்டு நிமிஷத்தில் ஆறிப்போனது. சித்திரை, வைகாசியில் வேறு தொல்லை: பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு ஒன்பது வரை அனல் கக்கும், மேலே மின்விசிறி இருந்தாலும் கீழிருந்து சுடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாடிக்கு ஏற்ற மாதம் தை, மாசி, பங்குனித் தொடக்கம், அவ்வளவே. மற்ற மாதங்களில் கீழே ஒரு நல்ல மூலை மேஜையைக் கேட்பது புத்திசாலித்தனம்.

மேஜையை முன்கூட்டியே பார்க்கவும் வழி இருக்கிறது. போவதற்கு முந்தின நாள் ஏழு, ஏழரைக்கு வீடியோ காலில் உங்கள் மேஜையைக் காட்டச் சொல்லுங்கள். கைகழுவும் தொட்டி எவ்வளவு தூரம், ஸ்பீக்கர் தலைக்கு மேலா, கிச்சன் கதவு எந்தப் பக்கம், பக்கத்து மேஜைக்கு இடைவெளி எத்தனை அடி என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். காட்டத் தயங்கினால் அப்படி ஒரு மேஜையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கூகுள் விமர்சனத்தில் ‘புதியவை முதலில்’ என்று மாற்றி, வாடிக்கையாளர் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். கடையின் விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் அது பாலியில் எடுத்ததா பாளையங்கோட்டையில் எடுத்ததா என்று பல சமயம் சொல்லிவிடும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேக்கேஜில் பாஸ்தா, ‘கான்டினென்டல்’ என்று அடுக்குவார்கள். புரோட்டா மாஸ்டர் நடத்துகிற கிச்சனில் மதியமே பாஸ்தாவை வேகவைத்து எண்ணெய் புரட்டி வைத்திருப்பார்கள். மைதா கரைத்த வெள்ளை சாஸ் ஃபிரிட்ஜில் இருக்கும். ஆர்டர் வந்ததும் இரண்டையும் சட்டியில் சேர்த்துச் சூடாக்குவார்கள். அதே கிச்சனில் நாட்டுக்கோழி வறுவலும் பொரிச்ச புரோட்டாவும் பிரமாதமாக இருக்கும். அந்தப் பணத்துக்கு அதைத் தரச் சொல்லிக் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் புரோட்டா சாப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மீன் வாங்கினால் மட்டும் கூடுதல் கவனம். மெனுவில் விலைக்குப் பதில் ‘சைஸுக்கு ஏற்ப’ என்று இருக்கும். தூத்துக்குடி மீன், இன்றைக்கு வந்தது என்று தட்டில் வைத்துக் காட்டுவார்கள். கிலோ விலையைக் கேட்டு, கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி, அந்த எடையையும் விலையையும் கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டில் (கே.ஓ.டி.) எழுதச் சொல்லுங்கள். பொரித்த பிறகு எடை குறைந்துவிடும், அப்போது எதையும் நிரூபிக்க முடியாது.

பேக்கேஜில் ‘ஒயின்’ என்று இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். பார் உரிமம் இல்லாத மாடிக் கடையில் அது கிடைத்தாலும் சட்டவிரோதம். சோதனைக்கு ஆள் வந்தால் மாட்டுவது நீங்களும்தான்.

முன்பணம் 500க்கு மேல் வேண்டாம். யூபிஐ ரகசிய எண் போடும் முன் வங்கியில் பதிந்த பெயர் திரையில் வரும். கடைப் பெயர் இல்லாமல் தனி ஆள் பெயர் வந்தால் கடைக்கே நேரில் போய்க் கட்டுங்கள். பணம் போன பிறகு அந்த இன்ஸ்டாகிராம் பக்கமே காணாமல் போனால் அது கடைத் தகராறு இல்லை, சைபர் மோசடி. உடனே 1930க்கு அழைக்க வேண்டும்; தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குக்குத் தாவும்.

பில்லில் தகராறு வந்தால், முறையான பில் கேளுங்கள். தர மறுத்து, ஆட்கள் சூழ்ந்து நின்றால் வாக்குவாதம் வேண்டாம். கல்யாண நாளில் தம்பதி சண்டை போட மாட்டார்கள் என்பதுதான் இவர்கள் போடுகிற கணக்கு. சீட்டின் மேலேயே “ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்” என்று பேனாவால் எழுதி, படம் எடுத்துவிட்டு, பணமாகத் தராமல் யூபிஐயில் கட்டுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரவு எட்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், மறுநாள் காலையில் அழையுங்கள், அல்லது 88000 01915 வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னை மாடிக் கடையில் ஏமாந்த நெல்லைக்காரர் அதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சீட்டு நான்கும் வேண்டும். சீட்டை அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அடித்த எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தினால் தாள் முழுக்கக் கருத்துவிடும்.