ஐந்து லட்ச ரூபாய் அட்டையும் மாதாந்திர மாத்திரையும்

மக்களின் மருத்துவத்திற்காகத் தமிழ்நாடு அரசு செலவிடும் பணம் இரண்டு வழிகளில் போகிறது. அரசே மருத்துவமனை கட்டி, மருத்துவரையும் செவிலியரையும் நியமித்து, மருந்து வாங்கிக் கொடுப்பது பழைய வழி. குடும்பத்திற்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்திற்குப் பிரீமியம் கட்டி, அட்டை வைத்திருப்பவர் தனியார் மருத்துவமனைக்கும் போகலாம் என்று ஏற்பாடு செய்வது புதிய வழி. இந்தப் புதிய வழி 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இரு பெரிய கட்சிகளும் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் திட்டம் என்பதாலோ என்னவோ, அதன் செலவைப் பற்றிச் சட்டமன்றத்தில்கூடக் கூர்மையான கேள்விகள் எழுவதில்லை. அந்தக் கேள்விகளை எழுப்பவே இந்த ஒப்பீடு.

காப்பீட்டுக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுகிறேன். 2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துடன் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி ஒரு குடும்பத்திற்கான ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள ஒரு குடும்பம், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி அட்டை பெற்றுவிட்டால், இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், சிறுநீரக மாற்று, செவித்திறன் இல்லாத குழந்தைக்கான காக்ளியர் கருவி ஆகியவற்றுக்காக நகையையோ நிலத்தையோ விற்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தில் கிளெய்ம் செய்து, வரும் தொகையில் கருவிகள் வாங்கிக்கொள்கின்றன. 2009க்கு முன் இந்த வாய்ப்பு இல்லாமல் தவித்த வீடுகளைப் பார்த்தவர்கள் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள், நானும் தள்ளவில்லை.

என் அத்தைக்கு இதயத்தில் அடைப்பு வந்தபோது அட்டைதான் உதவியது. ஒரு தனியார் மருத்துவமனையில், அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள்; அதற்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் காப்பீட்டின் முன் அனுமதி வருவதற்குள் எடுத்த பரிசோதனைகளுக்கென்று ஒரு தொகையை, இது பேக்கேஜில் (அந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு நிர்ணயித்த மொத்தத் தொகையில்) வராது என்று சொல்லிக் கட்டச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதித் தந்தார்கள். அதைவிடப் பெரிய சுமை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. அடைப்பு மறுபடி வராமலிருக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைகள், ஏற்கெனவே இருந்த சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகள் என்று ஒவ்வொரு மாதமும் மருந்துக்கடையில் செலவு. 5 லட்ச ரூபாய் அட்டை அலமாரியில் இருக்க, நூறு நாள் வேலைக் கூலி மாத்திரைக்குப் போனது. பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் காப்பீடு. சாதாரண வெளிநோயாளிச் சீட்டுக்கும் தினசரி மாத்திரைக்கும் அங்கே இடமில்லை.

என் முதன்மையான குறை இதுதான். மருத்துவத்திற்காக இந்தியக் குடும்பங்கள் தங்கள் கையிலிருந்து செலவிடும் பணத்தில் பெரும்பகுதி மருந்துக்கே போகிறது என்பதைக் கணக்கெடுப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அப்படியிருக்க, வாழ்நாளில் ஒருமுறை வரும் அறுவை சிகிச்சைக்கான உச்சவரம்பை உயர்த்துவதையே சீர்திருத்தம் என்று அறிவிப்பது, ஓட்டைப் பானைக்கு மூடி செய்வது போன்றது.

பழைய வழி இந்த இடத்தில்தான் பலமாக நிற்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் தேவையான மருந்தை ஒரே ஒப்பந்தப்புள்ளியில் மொத்தமாக வாங்குகிறது. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரிகள் பரிசோதனைக்கூடத்திற்குப் போகின்றன. தேறியவையே வார்டுக்கு வருகின்றன. அளவு பெரிதாக இருப்பதால் விலை இறங்குகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இப்போது அத்தையின் வீட்டுக்கு மாதந்தோறும் ஒரு பெண் பணியாளர் வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறார், குறிப்பேட்டில் எழுதுகிறார், ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுக்கிறார். அத்தையின் கைச்செலவைக் குறைத்தது இந்த ஏற்பாடுதான்.

அரசு மருத்துவமனையின் குறைகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. காலை ஏழு மணிக்கு நிற்கும் ஓ.பி. வரிசை, ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிகிற ஓரிரு நிமிடங்கள், நிரப்பப்படாத பணியிடங்கள், ஸ்கேனுக்கான காத்திருப்பு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் இவற்றுக்குக் காரணம் ஆளும் பணமும் போதாமை. அந்தப் போதாமையைக் காரணம் காட்டியே பணத்தைப் பிரீமியமாக வெளியே அனுப்பினால், வரிசை அடுத்த ஆண்டும் அப்படியே நிற்கும்.

இனி கணக்கு. ஏறத்தாழ 1.37 கோடிக் குடும்பங்களுக்கு 849 ரூபாய் வீதம் என்றால் ஆண்டுக்கு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். இந்தத் தொகை வீணாகிறது என்று சொல்லவில்லை. அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் ஆண்டு முடிந்ததும் அந்தக் காப்பு தீர்ந்துவிடும், அடுத்த ஆண்டுக்கு மறுபடி முழுத் தொகையும் கட்ட வேண்டும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது தொகை உயரவே வாய்ப்பு அதிகம். அதே பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேத் லேப் (இதய அடைப்பைக் கண்டறிந்து ஸ்டென்ட் வைக்கும் கூடம்) அமைத்தால், இயந்திரமும் பயிற்சி பெற்ற செவிலியரும் அங்கே பயின்ற முதுநிலை மாணவர்களும் அடுத்த ஆண்டும் இருப்பார்கள்.

ஒன்றிய அரசின் ஒதுக்கீட்டிலும் இதே சாய்வு தெரிகிறது. 2019–20 வரவுசெலவுத் திட்டத்தில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்கு 6,400 கோடி ரூபாய்; அதே திட்டத்தின் மறுபாதியான, ஆரம்ப சுகாதாரத்திற்கான நல்வாழ்வு மையங்களுக்கு 1,600 கோடி. மூன்றில் இரண்டு பங்கையாவது ஆரம்ப சுகாதாரத்திற்கு ஒதுக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதிய அரசேதான் இப்படி ஒதுக்கியது. கண்காணிப்பின் நிலையோ இன்னும் கவலைக்குரியது: ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிப்படுத்தியது.

ஆகவே எனக்கு இரண்டும் சம எடையுள்ளவையாகத் தெரியவில்லை. காப்பீட்டை நாளையே நிறுத்தினால் டயாலிசிஸில் இருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். எனவே அது இருக்கட்டும். இப்போதைய ஒப்பந்தம் 2027இல் முடியும்போது மூன்று நிபந்தனைகளை அரசு வைக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் செய்ய முடிகிற சிகிச்சைகளை அங்கேயே ஒதுக்கி வைக்க வேண்டும். பேக்கேஜுக்கு மேல் நோயாளியிடம் கைநீட்டும் மருத்துவமனையைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பிரீமியத்தில் ஒரு ரூபாய் கூட்டினால் மருந்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இரண்டு ரூபாய் கூட்ட வேண்டும்.