ஈ-டைப் வாங்கும் முன் அந்த பில் கட்டைப் படித்துவிடுங்கள்

போன வாரம் லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, ஒரு ஜாகுவார் ஈ-டைப், அதுதான் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் ஒன்று வைத்திருக்கிறீர்களே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றுதான்" என்றான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். போனை வைத்ததும் என் மனைவி, "இதை எழுதிப் போட்டுவிடுங்கள். ஒவ்வொருத்தரிடமும் இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது" என்றாள். அதனால்தான் இந்தப் பதிவு.

நான் கோயம்புத்தூர்க்காரன். இங்கே இங்கிலாந்தில் காவென்ட்ரிக்கு வந்து 21 வருடம் ஆகிறது. ஈ-டைப் பிறந்த பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது. கோடைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு வழியாக ஒன்றாவது போகும். அந்த நீண்ட பானட்டைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற நாட்கள் எத்தனையோ. 55 வயதானதும் பென்ஷனில் கால் பங்கை வரி இல்லாமல் எடுக்கலாம் என்ற விதி இருக்கிறதல்லவா, எடுத்தேன். சேமிப்பையும் சேர்த்துக்கொண்டேன். 2022 செப்டம்பரில், 1966ஆம் ஆண்டு 4.2 லிட்டர் கூபே ஒன்றை 84,000 பவுண்டுக்கு வாங்கினேன். விற்றவர்கள் பெயரை எழுதவில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் தரை, நடுவில் வெள்ளியும் நீலமும் கலந்த நிறத்தில் கார், கையில் நல்ல காபி. விற்பனையாளர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானபோது ஓட்டிப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததையும், இன்னொரு கார் வேண்டும் என்று தகவல் வந்ததும் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் காவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்ததையும் சொன்னார். அது உண்மைக் கதைதான். அப்புறம் மெதுவாக, "மே மாதம் ஸ்டட்கார்ட்டில் நடந்ததைப் பார்த்தீர்களா?" என்றார். 1955ஆம் வருட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விலைபோயிருந்தது. அதுவரை எந்தக் காருக்கும் யாரும் கொடுக்காத பணம். "பழைய கார் இனி தங்கம் மாதிரி" என்றார். வங்கியில் போட்டால் வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத வருடங்களைக் கடந்து வந்தவன் நான். கார் விற்று வரும் லாபத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

இன்றைக்கு அந்தப் பேச்சை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த மெர்சிடிஸ் உலகத்தில் மொத்தம் 2தான். அந்த நிறுவனமே பொத்திப் பாதுகாத்த கார். ஈ-டைப் 1961லிருந்து 1970களின் நடுவரைக்கும் சுமார் 72,000 செய்யப்பட்டது. 2 செய்த காரின் விலையைச் சொல்லி 72,000 செய்த காரை எனக்கு விற்றார்கள். சந்தை முன்பு ஒரு தரம் கவிழ்ந்ததையும் யாரும் சொல்லவில்லை. 1988இல் என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு பழைய கார்களின் விலை வெறிபிடித்து ஏறியது, 1990க்குப் பின் சரிந்தது. கடன் வாங்கி வாங்கியவர்கள் எத்தனையோ பேர் நொடித்துப்போனார்கள்.

சரி, சந்தை ஏறும், இறங்கும். அது என் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். எனக்கு நடந்தது வேறு.

பழைய கார் உலகத்தில் "மேட்சிங் நம்பர்" என்று ஒரு மந்திரம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது எந்த இன்ஜின் இருந்ததோ அதே இன்ஜின் இன்றும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் விலை பல ஆயிரம் பவுண்டு கூடும். ஜாகுவாரின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் அறக்கட்டளை, சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பாடி நம்பர், கியர்பாக்ஸ் நம்பர், முதல் நிறம், எந்தத் தேதியில் எந்த டீலருக்கு அனுப்பினார்கள் என்று எல்லாம் போட்டு ஒரு சான்றிதழ் தரும். என் காருக்கும் அது இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியே வைத்திருந்தார்கள். சான்றிதழில் இருந்த எண்ணும் இன்ஜினில் இருந்த எண்ணும் அச்சு பிசகாமல் ஒன்றாக இருந்தன. வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கேதான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தச் சான்றிதழை யாரும் உங்கள் காரைப் பார்த்துவிட்டுத் தருவதில்லை. பழைய ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஏமாற்ற நினைப்பவன் கையில் அந்தத் தாள் கிடைத்தால், எந்த எண்ணைப் பொறிக்க வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

வாங்கிய பிறகு வந்த பிப்ரவரியில் எண்ணெய் மாற்றக் கொண்டுபோனேன். எழுபது தாண்டிய மெக்கானிக், பிரவுன்ஸ் லேனில் வேலை பார்த்தவர். இன்ஜினின் வலது பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒரு சின்ன தட்டையான இடம் இருக்கிறது. அங்கேதான் எண். பழந்துணியைக் கொஞ்சம் பெட்ரோலில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். "இங்கே வந்து பாருங்கள்" என்றார். எண்ணுக்கு அடியில் மெல்லிசாகக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. கிரைண்டர் ஓடிய தடம். சுற்றியுள்ள வார்ப்பு கருத்துச் சொரசொரவென்று இருக்க, அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் வழுவழுவென்று, ஒரு நூல் பள்ளமாக இருந்தது. அப்பா கோவையில் பம்புசெட் பட்டறையில் எண் பொறிக்கும் இரும்பு அச்சை (பஞ்ச் என்பார்கள்) வைத்துச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். புதிதாக அடித்த எண்ணின் விளிம்பு விரலில் எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். தொட்டுப் பார்த்தேன். உறுத்தியது.

சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அதே எண் இருக்க வேண்டும். அங்கே வேறு எண். வாங்கும்போதே கேட்டேன். "ஹெட் மாற்றுவது சகஜம் சார்" என்றார்கள். சகஜம்தான், பொய்யில்லை. அதனால்தான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஃபைலை எடுத்தேன். நாலு அங்குலம் தடிமன். "வரலாறு எல்லாம் இருக்கிறது" என்று கையில் கொடுத்தபோது அதன் கனத்திலேயே மயங்கிவிட்டேன், ஒரு தாளைக்கூடப் படிக்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதினொன்றரை மணிக்கு என் மனைவிதான் கண்டுபிடித்தாள். 1987ஆம் வருட கராஜ் பில் ஒன்று, எண்ணெய்க் கறை படிந்தது, இரண்டு டயர் பில்லுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. "மாற்று இன்ஜின் பொருத்தியது" என்று ஒரு வரி. அதற்குக் கீழே பேனாவில் இன்ஜின் எண், 8எல் என்று தொடங்கியது. 4.2 லிட்டர் ஈ-டைப்பின் எண் 7ஈ என்று தொடங்க வேண்டும். 8எல் என்பது எக்ஸ்ஜே6 என்ற ஜாகுவாரின் நான்கு கதவுச் சொகுசுக் காரின் இன்ஜின். அந்தக் காலத்தில் ஈ-டைப்புக்கு இவ்வளவு மதிப்பு கிடையாது. இன்ஜின் போனால் உடைப்புக் கடையிலிருந்து எக்ஸ்ஜே6 இன்ஜினை வாங்கிப் போட்டு ஓட்டினார்கள். அதில் தப்பே இல்லை. நல்ல இன்ஜின் அது, இன்றும் அருமையாக ஓடுகிறது. பிற்காலத்தில் விலை ஏறிய பிறகு யாரோ ஒருவர் அந்த எண்ணை இழைத்துவிட்டுப் புதிய எண்ணை அடித்திருக்கிறார். ஒரு கிரைண்டர், ஒரு செட் பஞ்ச், அரை மணி நேரம். எனக்கு அதன் விலை பல ஆயிரம் பவுண்டு.

பிறகு காரை லிஃப்டில் ஏற்றினோம். ஈ-டைப்புக்குத் தனிச் சட்டகம் முன்பக்கம் மட்டும்தான். மீதியெல்லாம் பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் துருப்பிடித்தால் முதுகெலும்பு போனது மாதிரி. மெக்கானிக் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தார், ஒட்டாமல் கீழே விழுந்தது. தட்டினால் டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் மரத்தைத் தட்டுவது போல் டொப்பென்றது. உள்ளே முழுக்கத் துருவை மறைக்கப் பூசிய பட்டி. மேலே அந்த அழகான பெயின்ட்.

இதையும் நான் முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம். 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. என் காரின் கடைசி எம்ஓடி 2017இல். அதற்கப்புறம் எந்த அதிகாரியும் அடியில் குனிந்து பார்க்கவில்லை. அந்த 2017 அறிக்கையில் சில் துருவைப் பற்றி இரண்டு குறிப்பு இருந்தது. அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் இலவசமாக வரும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சண்டை போட்டேன். வாங்கி ஆறு மாதம் முடியவில்லையே, நுகர்வோர் சட்டம் நம் பக்கம் என்று தெம்பாகப் போனேன். பில்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். கீழே சின்ன எழுத்தில், "உரிமையாளர் சார்பாக விற்கப்படுகிறது" என்று இருந்தது. கார் அவர்களுடையது இல்லையாம், கமிஷனுக்கு விற்றுக் கொடுத்தார்களாம். தனியாரிடம் வாங்கியதாகிவிட்டால் டீலரிடம் வாங்கியவருக்கு இருக்கும் பாதுகாப்பில் பாதிகூட இல்லை. அந்த உரிமையாளர் வெளிநாட்டில். அட்வான்ஸைக் கிரெடிட் கார்டில் கொடுத்தேனே, வங்கி பார்த்துக்கொள்ளும் என்று அடுத்து நினைத்தேன். அந்தச் சட்டப் பாதுகாப்பு 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குத்தான். சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பு 10,000 பவுண்டு. அதற்கு மேல் போனால் வக்கீல் செலவே இன்னொரு கார் விலை ஆகிவிடும். கடைசியில் 5,000 தருகிறோம், யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. போட்டிருந்தால் இதை எழுதியிருக்க முடியாது.

என் காரை நேர்மையாக விற்றால் 50,000 கிடைக்கலாம் என்கிறார் மெக்கானிக். சில் வேலை முடிக்காமல் அதுவும் கிடைக்காது. 95,000 என்று மதிப்புப் போட்டு, இன்சூரன்ஸுக்குக் கொடுங்கள் என்று ஒரு கடிதம் தந்தார்களே, அதை எழுதியதும் விற்றவர்கள்தான்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். இன்ஜின் எண் இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, டார்ச் சாய்த்துப் பிடித்து, கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ஃபைல் முழுவதையும் ஒரு இரவு வீட்டுக்குக் கேள். தர மாட்டேன் என்றால் அங்கேயே உட்கார்ந்து படி. பழைய பில்லில், பழைய பதிவுப் புத்தகத்தில் எங்கெல்லாம் இன்ஜின் எண் இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் வருட வாரியாக எழுது. எம்ஓடி வரலாற்றைப் பார். நீயே தேடிப் பிடித்த, நீயே காசு கொடுக்கிற ஆளை வைத்து லிஃப்டில் ஏற்றிப் பார், அவர்கள் சிபாரிசு செய்கிற ஆள் வேண்டாம். எனக்கு யார் விற்கிறார்கள் என்று எழுத்தில் கேள், நீங்களா, வேறு யாராவதா என்று. "இன்ஜின் தொழிற்சாலையில் பொருத்தியதே" என்ற வாசகம் பில்லிலேயே இருக்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் ஆறு மாதம் கழித்து நிற்காது. காரின் மேல் தவணைக் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

வியாழக்கிழமை திரும்பக் கூப்பிட்டான். லிஃப்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்டானாம். "வேறொருவர் முழுப் பணத்தோடு வருகிறார், உங்களுக்கு நேரம் இல்லை" என்றார்களாம். "விட்டுவிட்டேன் அண்ணா" என்றான். குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் புரிகிறது, அந்தக் காரின் அழகு அப்படி.

மிட்லேண்ட்ஸ் பக்கம் யாராவது பழைய கார் பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். சனி, ஞாயிறு என்றால் நானும் வருகிறேன். டார்ச்சும் காந்தமும் என்னிடம் இருக்கின்றன.