சேப்டி சாமான் வருஷக்கணக்கா போட்டு வேலை பார்த்த அனுபவம்: மாஸ்க், இயர் பிளக், ஷூ வரைக்கும்

ஃபேப்ரிகேஷன் வேலை எனக்கு. கட்டிங், கிரைண்டிங், வெல்டிங், ஆள் வராத அன்னிக்கு ஸ்ப்ரே பெயிண்டிங்கும் நான்தான். இத்தனை வருஷத்துல நான் பார்த்தது, முத்திரை இருக்கா, விலை ஜாஸ்தியான்னு மட்டும் பார்த்து வாங்குற சாமான் பாதி நாள் ஆணியிலதான் தொங்குது. உங்க மூஞ்சிக்கும் காதுக்கும் காலுக்கும் சரியா உட்காருதான்னு பாருங்க, உறுத்துச்சுன்னா மத்தியானத்துக்குள்ள கழட்டிடுவீங்க.

முதல்ல மாஸ்க். என்95ல ஆரம்பிச்சு ரப்பர் ஹாஃப் மாஸ்க்குக்கு (மூக்கையும் வாயையும் மட்டும் மூடுறது, ஃபில்டரை மாத்திக்கலாம்) மாறி ரொம்ப நாளாச்சு. என்95 மோசம்னு சொல்லல, 0.3 மைக்ரான் அளவு துகள்லயே குறைஞ்சது 95 சதவீதம் பிடிச்சிடும், ஆனா ஓரத்துல காத்து புகாம இருந்தாதான் அந்தக் கணக்கு. கிரைண்டிங்ல நின்னா வேர்த்து ஊறி ஓரம் தளர்ந்துடும், கழட்டிப் பார்த்தா மூக்குக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா கோடு இறங்கியிருக்கும், தூசி உள்ள போன வழி அதுதான். ரப்பர் மாஸ்க்ல பி100 ஃபில்டர் (99.97 சதவீதம்) போட்டதுக்கப்புறம் எனக்கு அந்தக் கோடு விழறதில்ல. மாட்டினதும் ரெண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால பொத்தி மெதுவா மூச்சை இழுங்க, மாஸ்க் உள்வாங்கி மூஞ்சியோட ஒட்டி நிக்கணும், எங்கயாச்சும் காத்து வந்தா ஸ்ட்ராப்பை சரி பண்ணுங்க. தாடி இருந்தா ஒட்டாது. எங்க செட்ல ஒரு தம்பி தாடியை எடுக்க மாட்டேன்னுட்டான், அவனுக்கு மோட்டார் வச்சு காத்து அனுப்புற ஹூட் வாங்கினோம், அது தாடியோடயே சரிப்படுது.

பெயிண்ட் அடிக்கிறவங்க கவனிங்க, தூசி ஃபில்டர் தின்னர் ஆவியை நிறுத்தவே நிறுத்தாது, கார்பன் கேட்ரிட்ஜ் (ஆவியை உறிஞ்சுற கரி அடைச்ச டப்பா) வேணும், அதையும் வெளிய போட்டு வச்சா சும்மா கிடக்கும்போதே ஆவியை இழுத்து இழுத்து தீர்ந்துடும், வேலை முடிஞ்சதும் ஜிப் கவர்ல போட்டு மூடி வைங்க. வாசம் வந்தா மாத்திக்கலாம்னு இருக்காதீங்க. பல டூ கே பெயிண்ட்ல (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பெயிண்ட்) இருக்கிற ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் ஆபத்தான அளவுல இருந்தாலும் வாசம் தெரியாது, அதுக்கு வெளிய இருந்து பைப்புல நல்ல காத்து வர்ற மாஸ்க்தான் சரி.

காது விஷயத்துல எனக்கு ரொம்ப ஆதங்கம், ஏன்னா போன காது திரும்பி வராது. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் அளவு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், கிரைண்டர் 100 டெசிபல் போச்சுன்னா கால் மணி நேரத்துல அன்னிக்கு கோட்டா முடிஞ்சது. ஃபோம் பிளக்கை நிறைய பேர் காது வாசல்ல சும்மா சொருகிட்டு நிக்கிறாங்க, பிரயோஜனமே இல்ல. விரல்ல நல்லா உருட்டி மெலிசாக்கி, இன்னொரு கையை தலைக்குப் பின்னால கொண்டு போய் காது மடலை மேல, பின்னால இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் விரலை எடுக்காம வைங்க. கை சுத்தமா இருக்கணும், முக்கியம்.

சேப்டி கண்ணாடி மேலதான் ஃபேஸ் ஷீல்ட், ஷீல்ட் மட்டும் போதாது, பொறி கீழ்ப்பக்கமா புகுந்து வரும். காய்ஞ்ச துணியால துடைக்காதீங்க, ஒட்டியிருக்கிற இரும்புத்தூள் கீறல் போட்டுடும், தண்ணி விட்டு கழுவுங்க. வாங்கும்போது மாஸ்க்கோட சேர்த்து மாட்டிப் பாருங்க, ரெண்டும் மூக்குமேல இடிச்சுக்குற ஜோடி நிறைய இருக்கு.

க்ளவுஸ் எல்லா வேலைக்கும் போடுவேன், டிரில்லிங் மெஷின்ல மட்டும் கழட்டிடுவேன், சுத்துற பிட் துணியைப் பிடிச்சா கையையே இழுத்துடும்.

ஷூ ஸ்டீல் டோ (விரல் பக்கம் இரும்பு மூடி வச்சது), குறை சொல்ல ஒண்ணுமில்ல. பியூ (பாலியூரித்தேன்) சோல் உள்ள ஷூவை ஸ்டாக் வாங்கி வருஷக்கணக்கா பெட்டியிலயே வைக்காதீங்க, ஈரக்காத்துல சோல் உதிர்ந்து போகும், புதுசா எடுத்துப் போட்டவன் கால்லயே பொடிப்பொடியா விழுந்ததைப் பார்த்திருக்கேன்.