இன்டர்வலோமீட்டருடன் நாலு வருடம்: ஜவ்வாது மலையிலும் ஹான்லேயிலும்

நட்சத்திரச் சுவடு (இரவெல்லாம் எடுத்த படங்களை அடுக்கி, நட்சத்திரங்கள் நகர்ந்த தடத்தைக் கோடாகக் காட்டும் படம்) எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், முதலில் இன்டர்வலோமீட்டர் என்கிற இந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஒயர் ரிமோட்டை வாங்கச் சொல்வேன். இதற்கு இருப்பது ஒரே வேலை: விடியும்வரை ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பது.

முதல் ராத்திரியே சொதப்பல். ஜவ்வாது மலையில் ஒரு மொட்டைப் பாறை. கேமராவில் ஒரு படத்துக்கு 30 நொடி எக்ஸ்போஷர், ரிமோட்டில் படத்துக்குப் படம் 31 நொடி இடைவெளி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பாதிப் படங்களைக் காணோம், சுவடெல்லாம் துண்டு துண்டாகப் புள்ளிக்கோலம் மாதிரி. ரிமோட் மேல் தப்பில்லை. பெரும்பாலான கேமராக்களில் 30 நொடி என்பது உண்மையில் 32 நொடி (1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் கணக்கு). கேமரா முதல் படத்தை முடிக்கும் முன்பே ரிமோட் அடுத்ததைக் கேட்டிருக்கிறது, அது கண்டுகொள்ளவில்லை. அன்றிலிருந்து ரிமோட்டில் 33 நொடிதான். கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் (ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் புள்ளி இரைச்சலை நீக்க அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், அதுவும் இதே மாதிரி ஓட்டை போடும்.

லடாக்கின் ஹான்லேயை 2022ல் இருள் வான் காப்பகமாக, அதாவது இரவு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடமாக, அறிவித்தார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் போனேன். 4,000 மீட்டருக்கு மேல், எலும்பைத் துளைக்கும் குளிர். ரிமோட்டின் திரையில் எண்கள் சோம்பலாக மாறின, நள்ளிரவில் ஆல்கலைன் செல்கள் செத்தே போயின. லித்தியம் செல் போட்டதும் மறுநாள் பிழைத்தது. கையுறையோடு பட்டனை அழுத்த முடியாது என்பது தனி எரிச்சல். திரையின் வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தும். பக்கத்து மலை உச்சியில் 2 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்துகொண்டிருக்கும் ஊரில் அது மரியாதையும் இல்லை. சிவப்பு செலோபன் ஒட்டினேன்.

மற்ற நட்சத்திரங்கள் சுற்றிவருவது போலத் தெரியும் துருவ நட்சத்திரம் ஹான்லேயில் கிட்டத்தட்ட 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது, முழு வட்டங்கள் தாராளமாகக் கிடைக்கும். நம் மலையில் 12 டிகிரி சொச்சம்தான், நீட்டிய கையின் முஷ்டியைவிடக் கொஞ்சம் மேலே. பெரிய வட்டங்களின் கீழ்ப்பாதி தரைக்குள் போய்விடும். இதற்காக வருத்தப்பட்ட நான் ஒரு மார்கழியில் சும்மா கிழக்கே திருப்பிப் பார்த்தேன். ஓரியனின் இடைவார் நட்சத்திரங்கள் மூன்றும் ஏறக்குறைய செங்குத்தாக, மழைக்கம்பி மாதிரி மேலேறியிருந்தன. ஹான்லே வட்டங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மார்கழிக்கு ஒரு விலை உண்டு: பனி. இரண்டு மணிக்கெல்லாம் லென்ஸ் வியர்த்துவிடும். முதலில் பழைய சாக்ஸுக்குள் கைச்சூட்டுப் பொட்டலம் வைத்துச் சுற்றினேன், இப்போது பவர் பேங்கில் ஓடும் ஹீட்டர் பட்டை.

மூன்றாம் வருடம் ரிமோட்டின் பிளக் ஆட ஆரம்பித்தது. கறுப்பு டேப் சுற்றி ஓட்டுகிறேன். போன தடவை 400 படம், ஒன்றுகூட விடவில்லை. நடுவில் மாடு வந்து டிரைபாடைத் தட்டியதற்கு அது என்ன செய்யும்?