எச்சரிக்கை: ‘மிரர்லெஸ்’ என்று சொல்லி விற்கும் கமராக்கள்

சாமத்தியவீடு, கலியாணம், கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கும் பெடியள் பலர் பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராவை (உள்ளே ஆடும் கண்ணாடி உள்ளது) கொடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறார்கள். மாறுவதில் பிழை இல்லை. ஆனால் மிரர்லெஸ் என்றால் என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதை வைத்தே சிலர் வியாபாரம் செய்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு நடந்ததைக் கீழே எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம், ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும்.

அவரிடம் இருந்தவை கெனன் 200டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.ரி.எம். லென்ஸ். கடைக்காரர் சொன்னது இது: “உந்த மொடல் இனி ஓடாது தம்பி. இது மிரர்லெஸ், 4கே. உங்கட 50 லென்ஸும் கெனன்தானே, அப்பிடியே போடலாம்.” 200டியையும் 18-55ஐயும் எடுத்து, மேலே காசும் வாங்கிக்கொண்டு, பாவித்த கெனன் எம்50 மிரர்லெஸ் ஒன்றை 15-45 லென்ஸுடன் கொடுத்தார். வீட்டில் 50ஐப் பூட்டப் பார்த்தால் கமராவின் வாயில் (லென்ஸ் பூட்டும் வளையம்) அது பொருந்தவே இல்லை. திரும்பிப் போனதும், “அதுக்கு அடப்டர் வேணும்” என்று ஒரு வெறும் உலோக வளையத்தையும் விற்றார். அதைப் போட்டும் திரையில் எஃப் 00 என்றுதான் வந்தது, அதாவது லென்ஸ் பூட்டியிருப்பதே கமராவுக்குத் தெரியவில்லை. படம் எல்லாம் மங்கல்.

காரணம் எளிது. டி.எஸ்.எல்.ஆர். கமராவில் லென்ஸுக்கும் படத்தைப் பதியும் சென்சருக்கும் நடுவில் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். அதனால் கெனன் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து சென்சர் வரை 44 மி.மீ. கண்ணாடி இல்லாத எம் வரிசையில் அது 18 மி.மீ.தான். பழைய லென்ஸை வைக்க மீதி 26 மி.மீ.ஐ அடப்டர் நிரப்ப வேண்டும். வளையமும் அதை நிரப்பும், ஆனால் லென்ஸோடு கமரா பேசாது. கெனன் லென்ஸில் வெளிச்சம் புகும் துவாரத்தைச் சுருக்குவதும் ஃபோகஸ் மோட்டரை ஓட்டுவதும் மின்சாரம். தொடர்பு இல்லையென்றால் துவாரம் முழுதாகத் திறந்தபடியே நிற்கும். அதைவிட மோசம், இந்த 50 எஸ்.ரி.எம். லென்ஸில் கையால் திருகும் வளையமும் மோட்டர் வழியாகத்தான் வேலை செய்யும். மின்சாரம் வராவிட்டால் எவ்வளவு திருகினாலும் உள்ளே வில்லைகள் அசையாது. அந்தத் தம்பி கையால் ஃபோகஸ் பண்ணத் தெரியாத ஆள் என்று கடையில் சொன்னார்களாம்!

சரியான அடப்டரின் உள்விளிம்பில் பொன்நிற மின்தொடர்புகள் வரிசையாக இருக்கும், லென்ஸ் பக்கம் சிறு ஊசிகள், கமரா பக்கம் தட்டைப் புள்ளிகள். ஊசி இல்லாத எதையும் கெனன் லென்ஸுக்கு வாங்காதீர்கள். கமராவின் வாயில் இருக்கும் குறியையும் பாருங்கள். டி.எஸ்.எல்.ஆரில் சிவப்புப் புள்ளியும் (சிறிய சென்சர் உள்ள கமரா உடல்களில் வெள்ளைச் சதுரமும்) இருக்கும். எம் வரிசையில் வெள்ளைப் புள்ளி மட்டும். புதிய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் சிவப்புக் கோடு. இந்த மூன்றும் மூன்று வேறு வாய்கள். ‘கெனன்தானே’ என்பது பதில் இல்லை.

எம் வரிசையில் இன்னொரு சிக்கல். 2012இல் தொடங்கிய அந்த வரிசையை கெனன் 2023இல் நிறுத்திவிட்டது. புது லென்ஸ் இனி வராது. ஆர் வரிசைக்கு நாளை மாறினாலும் எம் லென்ஸைக் கொண்டுபோக முடியாது. ஆர் வரிசையின் இடைவெளி 20 மி.மீ., எம் லென்ஸுக்குத் தேவை 18. இருக்கிற இடம் அதிகம், அடப்டர் அதைக் குறைக்காது. பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களோ சரியான அடப்டரோடு ஆர் உடலில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஆக, இந்தக் கொடுக்கல் வாங்கலில் தம்பி இழந்தது எதிர்காலத்துக்கு உதவும் லென்ஸ், பெற்றது முட்டுச்சந்து.

நிக்கோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இசட் என்ற மிரர்லெஸ் உடலுக்கான நிக்கோனின் எஃப்.ரி.இசட். அடப்டரில் மோட்டர் இல்லை. தனக்குள் மோட்டர் உள்ள ஏ.எஃப்.-எஸ்., ஏ.எஃப்.-பி. லென்ஸ் தானாக ஃபோகஸ் பண்ணும். மோட்டர் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி. லென்ஸ் பண்ணாது.

4கே, அதாவது முழு எச்.டி.யைவிட நுணுக்கம் கூடிய வீடியோ, பற்றிச் சொல்லவேண்டும். எம்50இல் 4கே எடுக்கும்போது படம் மேலும் 1.6 மடங்கு வெட்டுப்படும். முழுச் சட்ட சென்சர் கணக்கில் 15 மி.மீ. லென்ஸ் சாதாரண படத்தில் 24 மி.மீ. லென்ஸின் அகலம் தரும், 4கேயில் ஏறத்தாழ 38. எண் கூடக் காட்சி குறுகும். சிறு மண்டபத்தில் மணவறையும் தோழியும் மாலை மாற்றும் இருவரும் ஒரே சட்டகத்தில் அடங்காது. பின்னால் போக இடமும் இராது, சுவர்தான். அதோடு 4கேயில் அதன் வேகமான ஆட்டோஃபோகஸ் நின்றுவிடும், முகம் முன்னும் பின்னும் தடுமாறும். அதில் வீடியோ வேலைக்கு முழு எச்.டி.தான் ஒழுங்கு. கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, பாதி மட்டும்.

பற்றரியும் அப்படி. நியமச் சோதனையில் 200டி ஒரு பற்றரிக்கு 650 படம், எம்50 235. கண்ணாடி இல்லாததால் திரையோ சிறு பார்வைத் திரையோ எப்போதும் எரிந்தபடியே இருக்கும். முகூர்த்தம் முதல் மாலை விருந்து வரை ஓட மூன்று பற்றரி வேண்டும். அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

“ஐயாயிரம் படம்தான் எடுத்திருக்கு” என்று படக் கோப்பின் இலக்கத்தைக் காட்டினார்களாம். அது எதற்கும் சாட்சி இல்லை. கெனனில் அந்த இலக்கம் 9999க்குப் பிறகு 0001க்குத் திரும்பும், மெனுவில் வேண்டியபோது பூச்சியமாக்கவும் முடியும். நிக்கோனில் ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை முறை ஷட்டர் ஓடியது என்ற கணக்கு) படக் கோப்பின் உள்தகவலில் பதிவாகும். கெனனில் பெரும்பாலும் பதிவாகாது, யூஎஸ்பியில் இணைத்து மென்பொருளால் கேட்டுப் பார்க்கவேண்டும், சில மொடல்கள் அதற்கும் சொல்லாது. உடலைப் பாருங்கள்: ஃப்ளாஷ் பூட்டும் தடத்தில் கறுப்புப் பூச்சு கரைந்து வெள்ளி தெரிகிறதா, பிடியின் ரப்பர் கழன்றிருக்கிறதா, முக்காலித் துளையைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா?

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்ட், லென்ஸ், ஃப்ளாஷ், ஒரு ரோச் கொண்டுபோங்கள். துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஃபோகஸ் விலக்கி ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சென்சரில் உள்ள தூசி கரும்புள்ளியாகத் தெரியும். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றியதும் பெரும்பாலும் சென்சர் அப்படியே வெளியே தெரியும். கோடையில் மாங்குளம், மல்லாவி வீதிச் செம்மண் புழுதியில் இதுதான் முதல் வியாதி. ஊதுகுழலால் போனால் நல்லது. கடைக்காரர் துணியால் துடைக்க வந்தால் கையைப் பிடியுங்கள். அடுத்தது லென்ஸ். பின்பக்கம் ரோச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போலக் கண்டால் பூஞ்சை. எங்கள் மாரி ஈரத்தில் அலுமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் அது வரும், துடைத்தால் போகாது.

ஃப்ளாஷையும் பூட்டி அடித்துப் பாருங்கள். கெனன் 200டி மார்க் 2இல் தடத்தின் நடுப்புள்ளித் தொடர்பே இல்லை, ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கும் மலிவு ட்ரிகர்கள் அதில் வேலை செய்யாது. ஜப்பான் சந்தைக்கான சோனி உடல்களில் மெனு பெரும்பாலும் ஜப்பானிய மொழி மட்டும். ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

ஒன்லைனில் விற்கும் ‘48 மெகாபிக்சல் 4கே மிரர்லெஸ்’ என்ற பெயரற்ற கமராக்கள் வேறு கதை. லென்ஸ் கழற்றும் பொத்தான் இல்லை, 16 மடங்கு சூம் என்பது படத்தை வெட்டிப் பெருப்பிப்பது, மெகாபிக்சல் கணக்கு மென்பொருள் ஊதியது. கண்ணாடி இல்லை என்பது உண்மைதான், கைப்பேசியிலும் இல்லை. வாங்கவேண்டாம்.

மிரர்லெஸ் கெட்டது என்று யாரும் எடுக்கக்கூடாது. கண்ணைத் தேடி ஃபோகஸ் பிடிப்பதும், எடுக்கமுன்னரே வெளிச்சம் எப்படி வரும் என்று திரையில் காட்டுவதும், பூசை நேரத்தில் சத்தமில்லாமல் எடுப்பதும் டி.எஸ்.எல்.ஆர். பார்வைக்குழாயில் கிடைக்காது. சத்தமில்லாத ஷட்டரை எல்.ஈ.டி. விளக்கடியில் போட்டால் கோடு கோடாக விழலாம். எங்கள் மின்சாரத்துக்கு ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் குறையும்.

பில் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதில் மொடல் பெயர், உடலின் அடியில் உள்ள தொடர் இலக்கம், பாவித்ததா புதிதா, உத்தரவாதம் எத்தனை மாதம், கொடுப்பது கடையா முகவரா என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். “எல்லா கெனன் லென்ஸும் பொருந்தும்” என்று சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள், எழுதமாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும், ஏமாற்றும் விதத்தில் விற்கவும் கூடாது. நுகர்வோர் அதிகார சபையின் அழைப்பு இலக்கம் 1977. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுக்கவேண்டும். பில்லின் பிரதியோடு, பொருந்தாத லென்ஸும் எஃப் 00 திரையும் தெரியும் படங்களையும் இணையுங்கள்.