மெழுகு ஏறிய பழைய பலகைத் தரையை யாரிடமும் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டின் மச்சுத் தரை முழுக்கத் தேக்குப் பலகை. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த தாத்தா, அங்கே பங்களாத் தரைக்குச் செய்வதைப் பார்த்துவிட்டு, தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து வருஷா வருஷம் இங்கேயும் தேய்க்க வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு மெழுகு மேல் மெழுகாகப் பூசினார்களே தவிர, பழையதை யாரும் எடுக்கவில்லை. ஆள் நடமாடும் இடமெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. தங்கை கல்யாணத்துக்கு முன்னால் சரிசெய்வோம் என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு காண்ட்ராக்டரை வரவழைத்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

வந்தவர் டேப்பைப் பிடித்து அளந்தார். சதுர அடிக்கு 130 ரூபாய், பாதி அட்வான்ஸ். "மெஷின் ஓட்டி பியூ பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சா கண்ணாடி கணக்கா ஆயிரும் அண்ணாச்சி" என்றார். பியூ என்றால் பாலியூரித்தேன், மரத்தின் மேல் பிளாஸ்டிக் படலமாக உறைகிற பாலிஷ். இதில் தேன்மெழுகு ஏறியிருக்கிறது என்று அப்பா அழுத்திச் சொன்னார். "அதெல்லாம் மெஷின்லயே போயிரும், நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி."

போகாது. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் (விளையாட்டுச் சாமான்) கடைகிறவர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறுமே, அதே வேலைதான் இங்கும் நடக்கும். பாதி மெழுகு இளகி உப்புத்தாளை அடைக்கும், மீதி இன்னும் ஆழமாக மரத்துக்குள் இறங்கும். அவர் அனுப்பிய பையன்கள் கொண்டுவந்தது தரை தேய்க்கும் மெஷின்கூட இல்லை, கையில் பிடிக்கிற கிரைண்டர். நாலு இழுப்புக்குள் தாள் மஞ்சளாக வழவழத்துப் போகும். இழை போகும் திசையைப் பாராமல் சுற்றிச் சுற்றித் தேய்த்ததில் பலகை முழுக்க அரைவட்டக் கீறல்கள். ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தால் இன்றைக்கும் எண்ணலாம்.

தாள் செலவு கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது. மறுநாள் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கலக்கி மாப் போட்டுவிட்டார்கள். காரம் பட்டால் தேக்கு கறுக்கும், பாலிஷ் வேலை தெரிந்த எவருக்கும் இது தெரியும். தண்ணீர் இடுக்குகளில் இறங்கி, ஓரப் பலகைகளின் விளிம்பு மேலே எழும்பிவிட்டது. ஈரம் காயுமுன்னே பியூ அடித்தார்கள். பல இடங்களில் பாலிஷ் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நின்றது. ஒட்டிய இடமும் நாள்கணக்கில் காயாமல் காலில் பிடித்தது. கட்டிலை ஒரு பக்கம் நகர்த்தினோம், கால் பட்ட இடத்தில் படலம் சுருண்டு வந்தது. நகத்தால் கீறினாலே தூக்கிக்கொள்கிறது, அடியில் பழைய மெழுகு அப்படியே மினுங்குகிறது.

போனில் கேட்டால் "கட்டிலை ஏன் இழுத்தீய?" என்றார். அப்புறம் மழைக்காலம் என்றார், ஆறு பக்கத்தில் இருக்கிறது என்றார். தாமிரபரணியையும் விடவில்லை, மனுஷன். கடைசியில், இன்னொரு கோட் அடிக்கத் தனியாகப் பணம் வேண்டும் என்றவர், அதன்பின் எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இப்போது வீரவநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு வயதான பாலிஷ் ஆசாரி வருகிறார். முதலில் அவர் செய்தது, கட்டிலுக்கு அடியில் பியூ படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் டர்பன்டைன் நனைத்துத் தேய்த்ததுதான். துணி காப்பி நிறத்தில் வந்தது. "மெழுகு எறங்காம இதுமேல எதைப் பூசினாலும் நிக்காது தம்பி." உரிந்த படலத்தைச் சுரண்டிவிட்டு, முழ அகலத்துக்கு டர்பன்டைன் விட்டு, மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளால் இழையோடு தேய்த்து, ஈரம் இருக்கும்போதே துணியால் ஒற்றி எடுக்கிறார். கறுத்த துணியை மறுபடி தொடுவதில்லை. ஜன்னலெல்லாம் திறந்து வைக்கச் சொல்லி, பீடிகூடக் கீழே போய்த்தான் குடிக்கிறார். நனைந்த துணிகளைக் குவித்துப் போட விடமாட்டார், வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும். மெழுகு முழுக்க வந்தபிறகே உப்புத்தாள்: 60, 80, 120 நம்பர் என்று படிப்படியாக. முடிவில் பியூ வேண்டாம், மறுபடி மெழுகே போதும் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மெழுகுத் தரையில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிடலாம், பியூவில் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும்.

ஆகவே, உங்கள் வீட்டில் இப்படித் தரை இருந்தால், வருகிறவர் "இதில் முன்னால் என்ன பூசியிருக்கு?" என்று கேட்கிறாரா பாருங்கள். கேட்காதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். என்ன கம்பெனி பாலிஷ், மெழுகை எப்படி எடுப்பார் என்பதை எழுதி வாங்குங்கள். ஒரு மூலையில் ஒரு பலகைக்கு மட்டும் செய்துகாட்டச் சொல்லி, நன்றாகக் காய்ந்தபின் நகத்தால் கீறிப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், உரிந்த தரையின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் இவற்றை வைத்துத்தான் புகார் கொடுத்திருக்கிறோம்.

இந்த ஆள் இப்போது சேரன்மகாதேவிப் பக்கம் வேலை பிடிக்கிறார் என்று கேள்வி. பளபளவென்று ஒரு தேக்குத் துண்டைச் சாம்பிளாகக் காட்டுவார். அது மெழுகே படாத புதுப் பலகை.