‘நியர் மின்ட்’ என்று வந்த சிவப்பு பஸ்: நான்கு வருடங்களுக்குப் பிறகு

போன கிழமை உப்புவெளியில் இருக்கும் நண்பர் ஒருவர், இணையத்தில் விற்பனைக்கு வந்த பழைய மாட்ச்பாக்ஸ் பொம்மை வண்டி ஒன்றைக் காட்டி, “நியர் மின்ட் என்று போட்டிருக்கிறார்கள், எடுக்கலாமோ?” என்று கேட்டார். என் மேசையில் நான்கு வருடங்களாக நிற்கும் ஐந்தாம் இலக்க மாட்ச்பாக்ஸ் பொம்மையை, அதாவது லெஸ்னி நிறுவனம் லண்டனின் ரூட்மாஸ்டர் இரட்டைத்தட்டு பஸ்ஸைப் போலச் செய்ததைப் பற்றி எழுதினால் அதுவே அவருக்குப் பதிலாகும்.

முதலில் பொம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் ஒரு காலத்தில் இலங்கைக்கும் வந்தவை என்பதால், இந்தச் சிவப்பில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கடற்காற்றில் பூட்டும் பிணைச்சலும் துருப்பிடிக்கும் திருகோணமலையில், நாகக் கலவையில் வார்த்த இதன் உடல் அப்படியே இருக்கிறது; அச்சுக்கம்பிகளுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன், மேசையின் இந்த முனையிலிருந்து தள்ளினால் சத்தமில்லாமல் மற்ற முனைக்கு ஓடுகிறது.

ஆனால் இதை எடுக்கும்போதெல்லாம் விற்றவரின் விவரணை நினைவுக்கு வந்து கோபம் வருகிறது. “நியர் மின்ட், ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் பெட்டி” என்றுதான் போட்டிருந்தார். சேகரிப்பவர்களிடையே மின்ட் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை. நியர் மின்ட் என்றால் தேடிப் பார்த்தால் மட்டும் தெரியும் சிறு குறை. வந்த மறுநாள் காலை வெயிலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன்: கூரையின் சிவப்பு ஒன்று, பக்கங்களின் சிவப்பு இன்னொன்று. திருப்பிப் பார்த்தபோது, லெஸ்னி என்று பொறித்த அடித்தட்டில், அதை உடலோடு பிணைக்கும் ரிவெட்டின் தலை துளைத்து எடுக்கப்பட்டு, அந்தக் குழியில் பசை காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. அதைத் துளைக்காமல் அடித்தட்டைக் கழற்ற முடியாது. கழற்றிப் பூசி ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட உள்ள தெரிந்த கடையில் காசுத்தாள் பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தோம்; இக்காலக் காகிதத்துக்கே உரிய நீல வெள்ளையாக அது பளிச்சிட்டது. 1960களின் அட்டை பொதுவாக அப்படி ஒளிராது; ஆகவே பெட்டியும் பின்னாளில் செய்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், அவர் நன்றாகவே பொதி செய்து அனுப்பியிருந்தார், பார்சலும் கொழும்பிலிருந்து இரண்டே நாளில் வந்தது. கேட்டபோது, முன்பு வைத்திருந்தவர் செய்திருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் போட்ட ஐந்து படங்களில் ஒன்றுகூட அடித்தட்டைக் காட்டவில்லை என்பதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மறுபெயின்ட் அடித்தது என்று ஒரு சொல் எழுதியிருந்தால், குறைந்த விலைக்குச் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். கொடுத்த 14,500 ரூபாயை விட, அந்தச் சொல்லை மறைத்ததே எனக்கு வலிக்கிறது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், இதே விவரணையோடு இதே பஸ் மறுபடி வந்தால் வாங்க மாட்டேன். நண்பருக்கு, அடித்தட்டு, கூரை, பெட்டியின் உள்மடிப்பு ஆகிய மூன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்கும்படி எழுதினேன். நேற்றிரவு அவர் பதில் போட்டார்: இரண்டு படம் வந்ததாம், அடித்தட்டுப் படம் இன்னும் வரவில்லையாம்.